மாங்காய் பறிக்கும் ஆட்களுக்கு அடிபடாமல் இருக்க: ஒரு தோட்டக்காரரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் எங்களுக்கு 6 ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. அப்பா காலத்து மரங்கள், 30 வயதுக்கு மேல் ஆகிறது. பெங்களூராதான் அதிகம், கொஞ்சம் செந்தூரா, மல்கோவாவும் உண்டு. இதுவரை பூவிலேயே குத்தகைக்கு விட்டுவிடுவோம். வரும் சீசனில் நாங்களே 12 ஆள் வைத்துப் பறித்து மாங்கூழ் ஆலைக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். பக்கத்துத் தோப்பில் போன சீசனில் கிளை ஒடிந்து விழுந்த ஒருவர் இன்னும் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்திருக்கிறார். பெல்ட், ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தால் போதுமா? ஏதாவது நடந்துவிட்டால் பொறுப்பு யாருடையது?

பதில்: பெல்ட்டையும் ஹெல்மெட்டையும் கடைசியாகப் பார்ப்போம். மரத்தில் ஆள் ஏறும் நேரத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. மாந்தோப்பில் சிராய்ப்பும் சுளுக்கும் எத்தனையோ வரும். ஆளை முடக்கிப்போடுவதும் உயிரை எடுப்பதும் உயரத்திலிருந்து விழுவதும் மின்கம்பியும்தான். இந்த இரண்டுக்கும் வழி பண்ணினாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

மாமரம் முருங்கை போல முறியும் மரம் கிடையாது. நல்ல பச்சைக் கிளை வளைந்து கொடுக்கும். ஒடிவது தண்டுத் துளைப்பான் குடைந்த கிளை. 30 வயது மரங்களில் இந்தப் புழு இல்லாத தோப்பு அபூர்வம். வெளியே பட்டை நன்றாக இருக்கும், இலையும் பச்சையாகவே நிற்கும், உள்ளே பெருவிரல் நுழையும் அளவுக்குச் சுரங்கம் ஓடியிருக்கும். ஏறுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. ஆகவே பறிப்பு தொடங்க ஒரு வாரம் முன்பே மரம் மரமாக நடந்து பாருங்கள். அடிமரத்திலும் கவட்டைகளிலும் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே ரம்பத்தூள் மாதிரிக் கழிவு, கசிந்து கறுத்த பிசின், நுனியில் காய்ந்த குச்சிகள், இதில் எது இருந்தாலும் அந்தக் கிளை சந்தேகம். அரிவாளின் பின்பக்கத்தால் தட்டினால் நல்ல கிளை கெட்டியாகக் கேட்கும், குடைந்த கிளை டொக்கென்று கேட்கும். அந்தக் கிளையின் அடியில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். அதில் ஏறக் கூடாது, அதன்மேல் ஏணியும் சாத்தக் கூடாது என்று முதல் நாள் காலையிலேயே எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாள் பட்டையில் பாசி வழுக்கும். அன்றைக்கு ஏறும் வேலையே வேண்டாம், தொரட்டிக்கு எட்டுகிற காயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆட்கள் ஏன் நுனிக்கிளை வரைக்கும் போகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். டன் கணக்கில் கூலி பேசினால் போவார்கள். லாரி வந்து நிற்கிறது, இன்னும் பத்து கிரேட் (காய் அடுக்கும் பெட்டி) குறைகிறது என்று மேஸ்திரி சத்தம் போட்டாலும் போவார்கள். ஒரு நுனிக்கிளையில் 20 காய் இருக்கிறது, காய்க்கு அரைக் கிலோ என்றே வைத்துக்கொள்வோம், மொத்தம் 10 கிலோ. பெங்களூரா விலை கிலோ பத்து ரூபாய்க்குக் கீழே இறங்கும் சீசனில் அது 100 ரூபாய்கூடத் தேறாது. அந்த 100 ரூபாயை மரத்திலேயே விட்டுவிடலாம். கீழே பொறுக்கிக் கட்டுகிறவர்களுக்கு வேண்டுமானால் கிரேட் கணக்கு வையுங்கள். மரம் ஏறுகிறவர்களுக்கு நாள் கூலிதான் சரி. இதை நான் யோசனையாகச் சொல்லவில்லை, நிபந்தனையாகவே வைக்கச் சொல்கிறேன்.

ஏணி மூங்கிலாக இருக்கட்டும். அலுமினிய ஏணி இலேசாக இருக்கும்தான், கம்பி போகிற தோப்பில் அது எமன். ஏணியின் தலை 12 அடி உயரத்தில் சாய்கிறது என்றால் அடி, மரத்திலிருந்து 3 அடி தள்ளி நிற்க வேண்டும். உயரத்தில் நாலில் ஒரு பங்கு. இதற்கு மேல் தள்ளினால் அடி சறுக்கும், குறைந்தால் ஏணி பின்னால் சாயும். எப்போதும் கவட்டையில் சாத்தி, தலையைக் கயிற்றால் கட்டிய பிறகுதான் இரண்டு கையையும் விட்டுவிட்டுப் பறிக்கலாம். அதைக் கட்டுவதற்காக ஏறும் முதல் ஆளுக்குக் கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தோப்பில் ஏணி சாய்வதற்கு முக்கியக் காரணம் மண்: உழுத மண், தண்ணீர் பாய்ச்சிய பாத்தி. ஒரு கால் மட்டும் இரண்டு அங்குலம் இறங்கினால் போதும், தலை ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்துவிடும். இரண்டு காலுக்கும் சேர்த்து அடியில் ஒரு பலகை போட்டால் இது தீர்ந்தது. பறிப்புக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட்டால் இன்னும் நல்லது. ஒவ்வொரு படியிலும் கட்டியிருக்கும் கயிற்றைத் தினமும் காலையில் பாருங்கள். தரையில் படுக்க வைத்து மிதித்தால் ஆடுகிற படி தெரிந்துவிடும்.

தோளில் தொங்கும் பை அடுத்த பிரச்சினை. சாக்குப் பையை ஒரே தோளில் மாட்டி 20 கிலோ வரை நிரப்புகிறார்கள். கிளையில் நிற்கும்போது உடம்பின் எடை ஒரு பக்கம் இழுக்கும். ஒரு கை பையைப் பிடிக்கும், இன்னொன்று காயைப் பறிக்கும், கிளையைப் பிடிக்க எந்தக் கையும் மிஞ்சாது. 8 கிலோவுக்கு மேல் பிடிக்காத பை தைத்துக் கொடுங்கள், குறுக்காக மாட்டும் வார் வைத்து. நிரம்பியதும் கயிற்றில் கொக்கி போட்டு இறக்கிவிடட்டும். வெறும் பை அதே கயிற்றில் மேலே போகும். பையோடு ஆள் இறங்கக் கூடாது.

மேலிருந்து வீசும் காயைக் கீழே இருவர் சாக்கு விரித்துப் பிடிப்பது நம் பக்கத்துப் பழக்கம். காய் அடிபடாமல் இருக்க அது நல்ல முறை. ஆனால் 20 அடியிலிருந்து வரும் காய் தரைக்கு வரும்போது மணிக்கு 39 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். சாக்குப் பிடிப்பவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார். காம்புப் பாலும் காய்ந்த குச்சியும் கண்ணில்தான் விழும். இவர்களுக்குத் தாடைப் பட்டையுள்ள ஹெல்மெட்டும் கண்ணாடியும் கட்டாயம். ஐஎஸ் 2925 முத்திரை பார்த்து வாங்குங்கள். தாடைப் பட்டை இல்லாத ஹெல்மெட் அண்ணாந்தவுடனே பின்னால் விழுந்துவிடும், பிறகு யாரும் எடுத்துப் போடமாட்டார்கள்.

இப்போது பெல்ட். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் வாங்க வேண்டாம். விழும்போது மொத்த வேகமும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தொடை, தோள் எல்லாம் சுற்றிவரும் ஃபுல் பாடி ஹார்னஸ்தான் தேவை, ஐஎஸ் 3521 முத்திரையோடு. இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டடக் கடைகளில் ஹார்னஸோடு கிடைக்கும் கயிறு 1.8 மீட்டர் நீளம், அதிர்வைத் தாங்க ஒரு மடிப்புப் பையும் இருக்கும். ஆள் விழுந்தால் கயிறு முழுக்க நீண்டு, மடிப்பும் பிரிந்து, ஆள் தரையில் படாமல் தொங்கி நிற்க, கயிறு மாட்டிய இடத்துக்குக் கீழே ஏறக்குறைய 6 மீட்டர் வெளி வேண்டும். உங்கள் ஆட்கள் நிற்பது 15 அடி, அதாவது நாலரை மீட்டர். கயிறு பிடிப்பதற்கு முன்பே தரை வந்துவிடலாம். ஆகவே மரத்துக்கு 2 அல்லது 3 அடிக் குட்டைக் கயிறு இரண்டு வேண்டும், இரண்டு முனையிலும் பூட்டுக் கொக்கியோடு. தலைக்கு மேலே, அடிமரத்தை ஒட்டி, தொடைப் பருமனுள்ள பச்சைக் கிளையில் சுற்றி மாட்ட வேண்டும். இடம் மாறும்போது இரண்டாவது கொக்கியை மாட்டிய பிறகே முதலாவதைக் கழற்ற வேண்டும். காலுக்குக் கீழே மாட்டினால் கயிற்றின் நீளத்தைப் போல இருமடங்கு விழுவார். சீசனுக்கு முன் ஒரு நாள் முழுக்கத் தாழ்ந்த கிளையில் பழக விடுங்கள். ஹார்னஸில் ஒருவர் தொங்கிவிட்டால் சில நிமிடங்களுக்குள் இறக்கியாக வேண்டும், கால்களில் இரத்தம் தேங்கி மயக்கம் வரும். எந்த ஏணியை எங்கே வைத்து எப்படி இறக்குவது என்பதையும் அதே நாளில் செய்து பார்த்துவிட வேண்டும்.

மின்கம்பிக்கு வருகிறேன். சாலை இல்லாத இடத்தில் 11 கேவி (11,000 வோல்ட்) வெறுங்கம்பி தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் போதும் என்பது விதி. 15 அடிதான். 20 அடித் தொரட்டியை நிமிர்த்திப் பிடித்தால் நுனி 24 அடிக்கு மேல் போகும். அலுமினியக் குழாய்த் தொரட்டி என்றால் ஒரு தொடுதலில் முடிந்தது. மூங்கிலும் மழையிலோ பனியிலோ நனைந்திருந்தால் மின்சாரத்தைக் கடத்தும். கம்பி தாண்டும் வரிசை மரங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். அவற்றைப் பறிக்கும் நாளை முன்கூட்டியே உள்ளூர் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்தச் செய்து, நிறுத்தியதாக ஆள் வந்து சொன்ன பிறகு பறியுங்கள். தாழ்ந்து தொங்கும் கம்பியைப் பற்றி மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்த முடியாவிட்டால் அந்த மரத்துக் காய் போகட்டும். யாராவது மாட்டிக்கொண்டால் ஓடிப்போய்த் தொடுகிற ஆள்தான் இரண்டாவது சாவு. 11 கேவியில் காய்ந்த குச்சியால் தள்ளிவிடுவது என்பதெல்லாம் நடக்காது; லைன் நின்றது உறுதியான பிறகே கிட்டப் போக வேண்டும்.

மாம்பால் பலர் பொருட்படுத்தாத விஷயம். முந்திரிக் குடும்பத்து மரம் இது. காம்பு ஒடிந்த உடனே பீச்சியடிக்கும் பால் தோலைப் புண்ணாக்கிவிடும். சிலருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது, இரண்டு நாள் கழித்துக் கொப்புளம் வரும். கண்ணில் பட்டால் உடனே சாதாரணத் தண்ணீரை 15 முதல் 20 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும், கசக்கக் கூடாது, பிறகு கண் மருத்துவரிடம் போக வேண்டும். தோப்பில் ஒரு 20 லிட்டர் கேன் இதற்கென்றே இருக்கட்டும். காயை முறுக்கிப் பிய்க்காமல் இரண்டு, மூன்று அங்குலக் காம்போடு வெட்டினால் பால் பீச்சாது. கீழே கொண்டுவந்து காம்பை நறுக்கிக் கவிழ்த்து வைத்துப் பாலை வடித்துக்கொள்ளலாம். மல்கோவா, செந்தூராவை மண்டிக்குப் போடுகிறீர்கள் என்றால் பால்கறை இல்லாத காய்க்கு விலையும் கூடுதல். விடிகாலையில் பால் வேகம் அதிகம் என்பதால் வெட்டுகிறவர்களுக்கு முழுக்கைச் சட்டை அவசியம்.

முசுறு எறும்பு கடித்தால் ஆள் தன்னையறியாமல் கையை விட்டுவிடுவார், அதனால்தான் அதையும் விபத்துக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. இலை ஒட்டிய கூடுகளை முதல் நாள் மாலையிலேயே நீளக் கழியால் இறக்கிவிடுங்கள். கைகாலில் சாம்பல் பூசிக்கொள்வதும் ஓரளவு கேட்கும். பாத்தியில் குவிந்த சருகில் கண்ணாடிவிரியன் படுத்திருக்கும். கையால் அள்ளாமல் வாரியால் இழுக்கச் சொல்லுங்கள். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். மே மாத வெயிலில் பகல் 12 முதல் 3 வரை ஏறும் வேலை நிறுத்தம்; தலை கிறுகிறுத்த ஆள் மரத்தில் இருக்கக் கூடாது.

காய் ஏற்றிய பிக்கப் வேனில் மூட்டைக்கு மேலே ஆட்களை உட்கார வைத்து அனுப்பாதீர்கள். கவிழ்ந்தால் சரக்கு வண்டியில் பயணியாக வந்தவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். சாலை விபத்தில் அடிபட்டால் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கிடைக்கும். மரத்திலிருந்து விழுந்தால் அது பொருந்தாது.

விழுந்த ஆளை என்ன செய்வது?

பக்கத்துத் தோப்பில் விழுந்தவருக்கு என்ன நடந்தது என்று உங்கள் கடிதத்தில் விவரம் இல்லை. ஆனால் பல இடங்களில் முதுகெலும்பு பாதி கெடுவது விழும்போது, மீதி கெடுவது தூக்கும்போது. நாலு பேர் ஓடி வந்து அக்குளில் கைகொடுத்து உட்கார வைப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், பிறகு மடக்கி ஆட்டோவில் ஏற்றுவார்கள். முறிந்த எலும்பு மடங்கும்போது தண்டுவடத்தை நசுக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் பேச்சுக் கொடுங்கள், மூச்சு விடுகிறாரா பாருங்கள். ‘அசையாதே’ என்று சொல்லி ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் தலையை உடம்புக்கு நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் 108 அழைத்து, மெயின் ரோட்டிலிருந்து தோப்புக்குள் வழிகாட்ட ஆள் அனுப்பட்டும். கால் கட்டை விரலை ஆட்டச் சொல்லுங்கள், பாதத்தைத் தொட்டால் தெரிகிறதா என்று கேளுங்கள். பதிலையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். ஆம்புலன்ஸ் வரும் வரை அப்படியே விடுவதே மேல். இடம் மாற்றியே ஆக வேண்டும் என்றால் தலைமாட்டில் ஒருவர், தோளில் ஒருவர், இடுப்பில் ஒருவர், முழங்காலில் ஒருவர். தலைமாட்டுக்காரர் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ சொன்னதும் உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாக ஒருக்களித்துத் திருப்பி, முதுகுக்குப் பின்னால் பலகையை நுழைத்து, அதே மாதிரி மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலைக்கு இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்து, நெற்றி, நெஞ்சு, இடுப்பு, தொடையில் கட்டுங்கள். ஆறரை அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பலகையும் நாலு துண்டும் தோப்புக் கொட்டகையில் சீசன் முழுக்கக் கிடக்கட்டும். அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கலாம் என்பதால் வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது.

விழுந்தவர் எழுந்து நடந்துவிட்டாலும் அன்றைக்கு அவருக்கு வேலை கிடையாது. அடுத்த ஒரு நாளில் வயிற்று வலி, இடது தோளில் காரணமில்லாத வலி, மயக்கம், சிறுநீரில் இரத்தம், வாந்தி, அசாதாரணத் தூக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. குடித்திருக்கிறார், அதனால் உளறுகிறார் என்று படுக்க வைத்துவிடுவதில்தான் தலையில் இரத்தக் கசிவு தவறிப்போகும்.

மருத்துவமனையில் சொல்லும் முதல் வாக்கியம் முக்கியம். போலீஸ் கேஸ் ஆகுமே என்று ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அது விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால் பிறகு எந்தக் காப்பீடும் இழப்பீடும் நகராது. எந்தத் தோப்பில், என்ன வேலையில், எத்தனை அடியிலிருந்து என்பதை உள்ளபடியே சொல்லி, அந்தப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்கி வையுங்கள்.

பொறுப்பு யாருடையது?

நீங்களே ஆள் வைத்துப் பறித்தால் உங்களுடையது. மேஸ்திரி மூலம் ஆள் வந்தாலும் முதலில் உங்களிடம்தான் கேட்பார்கள்; கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வசூலிக்க உங்களுக்கு உரிமை உண்டு, வசூல் ஆவது வேறு கதை. 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் நில சாகுபடி வேலை அட்டவணையிலேயே இருந்தது. தற்காலிக ஆள் என்று விலக்குக் கேட்கும் வழியை 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 7ஆம் அத்தியாயமும் இதே கட்டமைப்பைத்தான் கொண்டிருக்கிறது.

1923 சட்டக் கணக்குப்படி மாதச் சம்பளம் அதிகபட்சம் 15,000 ரூபாயாகக் கொள்ளப்பட்டது. இறந்துபோனால் அதில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்குக் காரணி 184.17, 7,500 பெருக்கினால் 13,81,275 ரூபாய். நிரந்தரமாக முழுதும் முடங்கினால் பாதிக்குப் பதில் 60 சதவீதம். சில மாதம் படுத்தால் அரை மாதத்துக்கு ஒருமுறை சம்பளத்தில் 25 சதவீதம், மருத்துவச் செலவு தனி. குடித்துவிட்டு ஏறினார், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்ற வாதங்கள் சிறு காயத்தில் எடுபடலாம். சாவிலும் முழு முடக்கத்திலும் எடுபடாது. மனு போட வேண்டியவர்கள் 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

இந்தத் தொகையை 6 ஏக்கர் தோப்பு தாங்காது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் ஊழியர் இழப்பீட்டுப் பாலிசி எடுக்கலாம். ஆள் எண்ணிக்கையையும் சீசன் மொத்தக் கூலியையும் சொல்லி, வேலை விவரத்தில் ‘மரம் ஏறிக் காய் பறித்தல்’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘தோட்ட வேலை’ என்று மட்டும் இருந்தால் பிறகு அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஆட்கள் தங்கள் பங்குக்குச் செய்யக்கூடியதும் உண்டு. வங்கிக் கணக்கில் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்துக்கு வருடம் 20 ரூபாய், விபத்துச் சாவுக்கும் முழு முடக்கத்துக்கும் 2 லட்சம், பகுதி முடக்கத்துக்கு 1 லட்சம். அது ஜூன் 1 முதல் மே 31 வரை. புதுப்பிக்கும் நாள் சரியாக மாங்காய் சீசன் நடுவில் வருவதால், மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் போனால் ஜூனில் ஏறும் ஆளுக்குக் காப்பு இருக்காது. பறிப்புக்கு வரும் 12 பேரிடமும் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்துவிடுங்கள். விவசாயத் தொழிலாளர்கள் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கட்டும்.

அடுத்த வருடமும் குத்தகைக்கு விடாமல் இருப்பதானால் மரத்தைக் குட்டையாக்குங்கள். பறிப்பு முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில் நடுவில் நேராகப் போகும் கிளைகளை வெட்டி மரத்தின் நடுவைத் திறந்துவிட வேண்டும், சிவப்புத் துணி கட்டியவற்றையும் அப்போதே எடுத்துவிடலாம். எல்லா மரத்தையும் ஒரே வருடத்தில் கழித்தால் காய்ப்பு விழும், வெயிலில் பட்டை வெடிக்கும். வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மரம் என்று மூன்று வருடம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளையைக் கீழிருந்து கால்பங்கு அறுத்த பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. வெட்டுவாயில் அன்றைக்கே போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர், பிளாஸ்டிக் வாளியில் கரைத்தது. அறுப்பவரும் உயரத்தில்தான் நிற்பார், பாரமான கிளை எந்தப் பக்கம் விழும் என்பதும் தெரியாது. கிளையைக் கயிறு கட்டி இறக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள், ரம்பம் ஓடும்போது அந்த மரத்தடியில் வேறு யாரையும் விடாதீர்கள்.